வெள்ளத்துக்கு முன்னால் வீட்டுக் கணக்கு: தோட்டப் பட்டண மன்றங்களுக்கு

வெள்ளம் என்றதும் மன்றங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசி மூட்டையும் மெகி நூடுல்ஸ் பெட்டியும்தான். அவை வேண்டியவைதான். ஆனால் அரிசியைக் கடைக்காரரும் தருவார், கோவில் நிர்வாகமும் தரும். படகும் பயிற்சியும் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவிடமும் பொதுத் தற்காப்புப் படையிடமும் இருக்கின்றன. ஐந்தாம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்றாவது வீட்டுப் பாட்டி எழுந்து நடக்க மாட்டார், மகன் இரவு வேலைக்குப் போய்விட்டால் அவர் தனியாகத்தான் இருப்பார் என்ற செய்தி மட்டும் எந்த அலுவலகத்துக் கோப்பிலும் இருக்காது. அதை மன்றம்தான் எழுதி வைக்க முடியும். நிவாரண வேலை முழுவதும் அந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் செகாமாட், லாபிஸ், குளுவாங் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்தது அந்த மழைதான். 2023-இல் பெருவெள்ளம் வந்தது மார்ச் மாதத்தில். ஆகவே தைப்பூசம் முடிந்ததும் தார்ப்பாயை மடித்து வைத்துவிடக் கூடாது. மார்ச் கடைசி வரை எல்லாம் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பட்டியல் எழுதும் முறை

தீபாவளிக்கு முந்திய மாதம் இதற்கு நல்ல நேரம். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், கதவைத் தட்டினால் முகம் கொடுத்துப் பேசுவார்கள். இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் கர்ப்பிணி யார், மாதவிடாய்ப் பொருள் யாருக்கு வேண்டும் என்ற விவரமே பட்டியலில் ஏறாது.

தடித்த அட்டை போட்ட நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி. லயத்து எண், வீட்டு எண், தலைவர் பெயர், மொத்தம் எத்தனை பேர், 5 வயதுக்குக் கீழே எத்தனை, 60-க்கு மேல் எத்தனை, நடக்க முடியாதவர் உண்டா, என்ன நோய், என்ன மருந்து, வீட்டில் வண்டி உண்டா, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரின் கைப்பேசி எண். இந்தக் கடைசி எண்ணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லயத்தில் எல்லாக் கைப்பேசியும் ஒரே நேரத்தில் சார்ஜ் இறங்கிப் போகும். கோலாலம்பூரில் இருக்கும் மகளின் எண் அப்போதும் வேலை செய்யும். வரியின் கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது வெள்ளத்துக்குப் பிறகு நிரப்புவதற்கு.

வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியையும் எழுதுங்கள். இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். தண்ணீர் ஏறும்போது யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்பவர்களும் அவர்கள்தான்.

நோய் விவரம் எழுதும்போது மூன்று பேரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். முதலாவது, டயாலிசிஸ் போகிறவர். வாரத்துக்கு 3 முறை போக வேண்டியவருக்குச் சடக்கு (சாலை) 4 நாள் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. அவரைத் தண்ணீர் ஏறிய பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே டயாலிசிஸ் மையம் இருக்கும் ஊரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நிவாரண மையத்தில் அன்போடு கொடுக்கப்படும் இளநீரும் வாழைப்பழமும் அவருக்கு விஷம் மாதிரி. அவற்றில் உள்ள பொட்டாசியம் அவர் உடம்பில் தங்கி இருதயத்தை நிறுத்தக்கூடும். மெகியின் உப்பும் அவருக்கு ஆகாது. சமையல் பொறுப்பாளரிடம் இந்தப் பெயர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இன்சுலின் போடுகிறவர். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி நிற்கும். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீணாகிவிடும். மூன்றாவது, ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவர். அவருக்கு மின்சாரம்தான் மூச்சு. தெனாகா மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு முன்பே அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

நோட்டு இரண்டு பிரதி. ஒன்று செயலாளர் வீட்டில், இன்னொன்று மேட்டில் இருக்கும் வேறொருவர் வீட்டில், பிளாஸ்டிக் பையில். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் காகிதம் வேண்டும். ஆனால் நோய் விவரம் உள்ள பக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடக் கூடாது. ஒருமுறை பரவிவிட்டால் அடுத்த வருடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஆற்றைப் படிப்பது

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று நிலையங்களின் அளவு, நார்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு படியாக வரும். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் நிலையத்தின் பெயரைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். கீழே இருக்கும் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, அங்கே ஏறும்போது உங்கள் வாசலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்.

அத்துடன் ஊர்ப் பாலத்தில் ஓர் அளவுக்கோல் வேண்டும். இலாகாவிடம் அனுமதி வாங்கி, பாலத்துத் தூணில் எனாமல் பெயின்டால் 10 செ.மீ.க்கு ஒரு கோடு. கோடை நீர்மட்டம் பூஜ்யம். பள்ளத்தில் இருக்கும் முதல் லயத்தின் வாசற்படி எந்தக் கோட்டுக்குச் சமம் என்று, தோட்டத்து அளவையாளரையோ தண்ணீர்மட்டக் குழாய் பிடிக்கத் தெரிந்த கொத்தனாரையோ வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் சிவப்புப் பட்டை அடியுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் நேரத்தோடு குறித்து வந்தால், மேல் நிலையம் அமாரானைத் தொட்டு எத்தனை மணி நேரத்தில் இங்கே சிவப்புப் பட்டை நனைகிறது என்று தெரிந்துவிடும். அந்த மணிக்கணக்குதான் ஆட்களை நகர்த்த உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

குழுவில் போடும் செய்திக்கு ஒரே வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்: நேரம், இடம், அளவு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏற்றம், நேரில் பார்த்தவர் யார். "இரவு 9.40. பெரிய பாலம். 2.3 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 20 செ.மீ. ஏற்றம். பார்த்தவர் பொருளாளர்." இவ்வளவு போதும். நேரம் இல்லாத செய்திதான் பெரிய கேடு. போன வருடத்துப் படத்தை யாரோ அனுப்ப, நள்ளிரவில் பிள்ளைகுட்டிகளோடு ஊரே கிளம்பிவிடும். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் அசைய மாட்டார்கள். இதே செய்தியை மலாயிலும் ஒரு வரி போடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் குரல் பதிவு. மன்றத்து அறிவிப்புப் பலகையிலும் கோவில் ஒலிபெருக்கியிலும் அதே சொற்கள் வர வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

காய்ந்த மாதத்து வேலைகள்

அக்டோபருக்குள் கல்வெர்ட்டுகளை, அதாவது சடக்குக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்களை, அடைப்பு எடுத்துத் திறந்துவிட வேண்டும். தோட்டத்தில் அவற்றை அடைப்பது பெரும்பாலும் செம்பனை மட்டை. வடிகால் ஓரமாக அடுக்கிய மட்டை முதல் பெருமழையில் மிதந்து வந்து குழாய் வாயில் குறுக்காக நிற்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பை ஒட்டும், பிறகு மண். ஒரு மணி நேரத்தில் அது அணைதான். மட்டை அடுக்கை வடிகாலிலிருந்து தள்ளி வைக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். குழாய்க்குள் ஆளை இறக்கக் கூடாது. நீளக் கொக்கியால் வெளியிலிருந்து இழுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை எக்ஸ்கவேட்டர் பார்க்கட்டும்.

செம்மண் சடக்கின் இரு பக்கமும் 20 மீட்டருக்கு ஒன்றாக வெள்ளை அடித்த மூங்கில் கழிகளை நடுங்கள். தண்ணீர் மூடிய பிறகு சடக்கு எது, பக்கத்து வடிகால் எது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. டிராக்டர் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஆற்றங்கரை வேலை பொறுமை கேட்பது. ஆற்று ஒதுக்கு நிலத்துக்கு இலாகா வைத்திருக்கும் அளவு, 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை அகலத்துக்கு 10 மீட்டர், 10 முதல் 20 வரைக்கு 20 மீட்டர். பழைய தோட்டங்களில் செம்பனை கரை விளிம்பு வரை நிற்பதைப் பார்க்கலாம். அந்த மரங்களை உடனே வெட்டச் சொல்லாதீர்கள். வேர் அழுகிய கரை அடுத்த வெள்ளத்தில் சரிந்துவிடும். அந்தப் பட்டையில் உரமும் மருந்தும் நிறுத்தச் சொல்லுங்கள், மறுநடவின்போது அதை விட்டுவிடும்படி கேளுங்கள்.

வெயில் படும் கரைச் சரிவில் வெட்டிவேர் போல் பிடிப்பது வேறொன்றில்லை. வேர் 2, 3 மீட்டர் நேராகக் கீழே இறங்கும். ஒரு தூரில் 3 கிளை இருக்கும்படி பிரித்து, இலையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. அளவுக்கு வெட்டி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடியுங்கள். வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம். ஒரு மீட்டர் வரிசைக்குச் சுமார் 8 தூர் பிடிக்கும், 50 மீட்டர் கரையில் ஒரு வரிசைக்கு 400. ஏப்ரல், மே மழையில் நட்டால் டிசம்பருக்குள் வேர் இறங்கிவிடும். நவம்பரில் நட்டதை ஆறு கொண்டுபோகும். இடைவெளி விட்டு நட்டால் தண்ணீர் அந்த ஓட்டையில் புகுந்து கரையை அறுக்கும். செம்பனை நிழலில் வெட்டிவேர் வராது. நிழலான இடத்தில் காப்பிஸ் மரம் வையுங்கள். நம் அசோக மரத்தின் இனம், இந்த நாட்டு ஓடைக்கரையிலேயே பிறந்து வளர்ந்தது. புதிதாக நட்ட இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாடு வராமல் கம்பி கட்ட வேண்டும்.

எலியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சலின் தொடக்கம் இதுதான். தோட்டங்களில் எலி தின்னும் ஆந்தையான கூகைக்கு 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் கூடு வைப்பது பல வருடத்துப் பழக்கம். ஆனால் பக்கத்திலேயே புரோடிஃபாக்கூம் கலந்த எலி மருந்தைப் போட்டால், மருந்து தின்ற எலியைத் தின்று கூகை சாகும், குஞ்சும் சாகும். பெட்டி வைக்கச் சொல்லிக் கேட்கும்போதே மருந்தின் பெயரையும் கேளுங்கள். லயத்துக் கொல்லையில் எலி குறைய, மூடியுள்ள குப்பைத் தோம்பும் கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாத பழக்கமும் போதும்.

கிடங்கும் அடுப்பும்

ஒரு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்குமாக 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை. உலக அளவில் நிவாரண அமைப்புகள் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. ஒரு பேட்மிண்டன் கோர்ட் சுமார் 82 சதுர மீட்டர், அதில் 23 பேர் படுக்கலாம். 100 பேருக்கு ஒரு நாளைக்கு 1,500 லிட்டர், அதாவது 220 லிட்டர் நீலத் தோம்பு (பீப்பாய்) 7. வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையமும் நின்றுபோகும், குழாயில் தண்ணீர் வராது. எச்சரிக்கை வந்த உடனே தோம்புகளைக் கழுவி நிரப்புங்கள்.

சமைத்த சாப்பாட்டுக்கு 100 பேருக்கு ஒரு வேளைக்கு 12 கிலோ அரிசி, சாம்பாருக்கு 4 கிலோ பருப்பு, காய் 8 கிலோ. முதல் இரவு சோறு வேண்டாம். ரொட்டி, அவித்த முட்டை, சூடான மைலோ போதும். ஆட்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு வருவார்கள், சூடுதான் முதல் தேவை. தேங்காய்ப்பால் ஊற்றிய கறியைத் தவிருங்கள், இந்தப் புழுக்கத்தில் அதுதான் முதலில் கெடும். சமைத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதுங்கள். சுடுசோற்றை மூடிப் பொட்டலம் கட்டி மதியம் வரை லோரியில் வைத்ததால்தான் பல இடங்களில் வயிற்றுப்போக்கு வருகிறது.

கோவில் அடுப்பின் சைவச் சமையல் எல்லா இனத்தாரையும் சேர்க்கும் என்று எண்ணலாம். ஆனால் முஸ்லிம் அண்டைவீட்டார் பாத்திரத்தையும் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சமைக்காத பொருளாகக் கொடுத்து, பாலாய் ராயா (ஊர்ப் பொதுமண்டபம்) அடுப்பில் அவர்களே சமைக்க விடுவது மரியாதை. அரசாங்க நிவாரண மையத்துக்குச் சமைத்த உணவு கொண்டுபோவதற்கு முன் சமூகநல இலாகா அதிகாரியிடம் பேசிவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் அத்தனையும் வீண்.

பழைய துணி வாங்காதீர்கள். தரம் பிரிக்கவே பத்து பேர் வேண்டும், பிறகு ஈரத்தில் நாறி அதுவும் குப்பையாகும். புதிய உள்ளாடை, கைலி, துண்டு, மாதவிடாய் நாப்கின், குழந்தைக்கும் பெரியவர்க்கும் டயாப்பர், கொசுவத்தி. இவற்றை யாரும் கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள், கேட்காமலே ஒரு பையில் போட்டுக் கொடுங்கள்.

தெருவிலோ வீடு வீடாகவோ பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் அனுமதி வேண்டும். சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள், மன்றத்துக் கணக்கில் மட்டும்.

தண்ணீர் ஏறும் இரவு

சிவப்புப் பெயர்கள் முதலில், பிறகு குழந்தைகள் உள்ள வீடுகள். பொழுது சாயும் முன் முடித்துவிட வேண்டும். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆள் தடுமாறி விழுவார், 30 செ.மீ.இல் சிறிய கார் மிதக்கும். கணுக்காலுக்கு மேல் ஓடினால் தொண்டர் இறங்கக் கூடாது, 999-ஐ அழையுங்கள். பாம்புக்கும் பொதுத் தற்காப்புப் படையைத்தான் கூப்பிட வேண்டும். டிராக்டர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அந்தச் சடக்கு தெரிந்த ஒருவர் உட்காரட்டும்.

பலகைச் சுவர் லயத்தில் மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை, தண்ணீர் பலகை இடுக்கிலும் தரையிலும் வரும். கல் வீட்டு வாசலுக்கு மட்டும் பாதி நிரப்பிய மூட்டையைக் கட்டாமல், வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் போல மாற்றி மாற்றி அடுக்கி மிதியுங்கள். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு. 50 கிலோ உரச் சாக்கு கிடைக்கிறதே என்று நிரப்பினால் தூக்க முடியாது, மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மின்சார மெயினை அணைப்பது, காஸ் தோம்பை மூடுவது, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்துச் சீட்டு. ஆட்கள் மையத்துக்கு வந்ததும் உங்கள் நோட்டில் வரி வரியாக அடையாளம் போடுங்கள். அடையாளம் விழாத வரியைத்தான் தேடிப் போக வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போனவர்களும் அரசாங்கப் பதிவில் சேர்ந்தார்களா என்று பாருங்கள். பதிவு இல்லாமல் பந்துவான் வாங் இஹ்சான் என்ற அரசாங்க உதவிப் பணத்தைக் கேட்டு அலைவது பெரும் சிரமம்.

சேறு கழுவுதல்

தண்ணீர் வடிந்ததும் யாரும் முதலில் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. நாசமான பொருள்களைச் சேற்றோடு படம் எடுக்க வேண்டும், போலீஸ் புகார் செய்ய வேண்டும். வெள்ளத்தில் போன அடையாள அட்டைக்கு மறு அட்டை எடுக்கக் கட்டணம் விலக்கு உண்டு. மின்சாரத்தை வயர்மேன் பார்க்காமல் போடக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஐந்தடி வராந்தாவிலோ ஓட்டக் கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும்.

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள், காய்ந்தால் சிமெண்டு மாதிரி. பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, காலில் புண் இருந்தால் அன்று சமையல் வேலை. சேறு, பிறகு சோப்புத் தண்ணீர், பிறகுதான் குளோராக்ஸ் (ப்ளீச்): 20 லிட்டர் வாளிக்கு ஒரு குவளை, 250 மில்லி. சேற்றின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலந்தால் நச்சுப் புகை வரும், இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். நனைந்த மெத்தையைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். அதனால் சேற்றில் இறங்கிய ஒவ்வொரு தொண்டரையும் வீட்டாரையும் 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் கூப்பிட்டுக் கேளுங்கள். காய்ச்சல் என்றால் அன்றே கிளினிக். வெள்ளத்தில் இறங்கினேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும், அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

சுவரைக் கழுவும் முன் ஒரு வேலை. சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஆணி அடித்து, தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று நாடாவால் அளந்து, நோட்டில் அந்த வீட்டு வரியின் கடைசிக் கட்டத்தில் தேதியோடு எழுதுங்கள். கழுவிவிட்டால் அந்தக் கோடு போய்விடும். பாலத்து அளவுக்கோலில் அன்று இருந்த உச்ச அளவையும் பக்கத்தில் எழுதினால், அடுத்த மழையில் கோல் எந்த எண்ணைத் தொடும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று நோட்டே சொல்லும்.